0.315 ரைபிளுக்குப் புதுக் கட்டை: ஏற்காட்டு மழையில் பழகிய அனுபவம்

சேலம், ஏற்காடு பக்கம் லைசென்ஸ் வைத்திருக்கும் எஸ்டேட்காரர்கள் வீட்டில் பெரும்பாலும் 12 போர் (குழல் அளவு) துப்பாக்கிதான் இருக்கும். எங்கள் வீட்டில் இருப்பது இஷாப்பூர் தொழிற்சாலையின் 0.315 ரைபிள். அப்பா 70 வயதைத் தாண்டியதும், 2016 ஆயுத விதிகளில் அதற்கென்று உள்ள வழிப்படி என் பெயருக்கு லைசென்ஸ் வாங்கினோம். அப்பா ஆறடி, நான் அவர் தோளுக்குத்தான் வருவேன். அவருக்குப் பொருந்திய துப்பாக்கி எனக்குப் பொருந்தவில்லை. அதனால் கட்டையை, அதாவது தோளில் ஊன்றுவதும் இரும்பைத் தாங்குவதுமான மரப்பகுதியை, என் அளவுக்குப் புதிதாகச் செய்துகொண்டேன். சில மழைக்காலங்கள் பழகிவிட்ட பிறகு, இதே வேலையை யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

வேட்டைக்கா என்று கேட்பார்கள். இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இன்று அந்தப் பேச்சுக்கே இடமில்லை. எங்கள் காப்பிச் செடிக்குள் வந்து நிற்கும் காட்டெருமை அந்தச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணை விலங்கு. காட்டுப்பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் தமிழக அரசு எடுத்த முடிவும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்பதுதான். எஸ்டேட்காரர் சுடலாம் என்றல்ல. என் ரைபிள் அனுமதி பெற்ற துப்பாக்கிப் பயிற்சி ரேஞ்சில் குறி அட்டையைச் சுடுகிறது, மற்ற நாளெல்லாம் பீரோவில் இருக்கிறது. அதுவே எனக்குப் போதும்.

இந்தத் தோட்டாவின் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. நாம் 0.315 என்று சொல்வது ஆஸ்திரிய-ஹங்கேரி ராணுவத்தின் 8×50 ஆர் மன்லிகர் தோட்டா. 1880களின் கடைசியில் கருமருந்தோடு பிறந்து, பிறகு புகையில்லாத மருந்துக்கு மாறி, முதல் உலகப் போரில் அந்த நாட்டுச் சிப்பாய்களின் கையில் இருந்தது. பிரிட்டிஷ் அரசு தன் ராணுவத்தின் 0.303 தோட்டாவைப் பொதுமக்கள் கையில் விட விரும்பவில்லை. அதனால் அந்த ராணுவத்தின் லீ என்ஃபீல்டு ரைபிளின் அதே அமைப்பு, ராணுவத் தோட்டா நுழைய முடியாத வேறு குழல் அளவு என்று இந்தியச் சந்தைக்கு வந்தது. பிறந்த நாட்டில் 1930களிலேயே ராணுவம் வேறு தோட்டாவுக்குப் போய்விட்டது. உலகத்தில் பலருக்குப் பெயரே தெரியாத இந்தத் தோட்டா, நம் ஊரில் லைசென்ஸ்காரர்களுக்குச் சாதாரண ரைபிள் தோட்டா.

குண்டு 244 கிரெயின், அதாவது கிட்டத்தட்ட 16 கிராம். கனமானது, மெதுவானது. 100 மீட்டருக்குக் குறி வைத்திருந்தால் 200 மீட்டரில் ஒரு அடிக்கு மேல் இறங்கிவிடும். தூரத்து இலக்குக்கு ஆசைப்படுபவர்களுக்கு இது ஏற்றதல்ல. 100 மீட்டருக்குள் திறந்த குறியோடு சுட எனக்கு இதைவிட நிதானமான துப்பாக்கி கிடைத்ததில்லை.

சரி, கட்டைக்கு வருகிறேன். பேரலில், அதாவது குழலில், யாரும் கை வைக்கவில்லை, வைக்கவும் கூடாது. உரிமம் இல்லாமல் பேரலைக் குறுக்குவதே ஆயுதச் சட்டப்படி குற்றம். மர வேலையைக்கூட ரிப்பேர் லைசென்ஸ் உள்ளவரிடம்தான் கொடுத்தேன். தச்சு வேலையில் ஊறிய பெரியவர். மரம் எது என்பதில் எங்களுக்குள் பெரிய விவாதம். எனக்கு ஈட்டி மரத்தின் கறுப்பு ரேகை மேல் ஆசை. அவர் ஒரு துண்டை என் கையில் கொடுத்து, "இதைத் தூக்கி அரை மணி நேரம் நில்லுங்க தம்பி, அப்புறம் பேசலாம்" என்றார். கை வலித்ததும் பழைய வீடு இடித்த தேக்கு உத்திரத்துக்குச் சம்மதித்தேன். பல பத்தாண்டு காய்ந்த மரம். இனிமேல் வளையவோ முறுக்கவோ அதற்கு அதிகம் மிச்சமில்லை என்பது அவர் கணக்கு.

அளவு எடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். முழங்கையை மடக்கச் சொல்லி, மடிப்பிலிருந்து விசை விரல் வரை நூல் பிடித்தார். பிறகு தோட்டா இல்லாத ரைபிளைச் சோதித்துக் கையில் கொடுத்து, "கண்ணை மூடிட்டுத் தோள்ல வைங்க. கன்னத்தைச் சாய்ங்க. இப்பத் தெறங்க. முன்குறி எங்க நிக்குது?" என்று கேட்டார். பழைய கட்டையில் முன்குறி பின்குறியின் பள்ளத்துக்கு மேலே நின்றது. நான் ஒவ்வொரு முறையும் கழுத்தை நுழைத்துச் சரிசெய்துகொண்டிருந்தேன். புதுக் கட்டை அந்தச் சோதனையில் தேறும்வரை செதுக்கி, கொடுத்து, வாங்கி, திரும்பச் செதுக்கினார்.

முன் கட்டையில் இரும்பு உட்காரும் பள்ளம் வெட்டியது இன்னும் நுணுக்கம். நல்லெண்ணெய் விளக்கின் கரியை இரும்பின் அடியில் தடவுவார். மரத்தில் வைத்து அழுத்தி எடுப்பார். கரி ஒட்டிய இடம் மட்டும் மேடு. அதை மட்டும் உளியால் சீவுவார், தூசி அளவு. மறுபடி கரி, மறுபடி அழுத்தம். பள்ளம் முழுக்க ஒரே சீராகக் கறுத்த பிறகுதான் எழுந்தார். லீ என்ஃபீல்டு வகையில் முன் கட்டை வேறு, பின் கட்டை வேறு. விசைக்குப் பக்கத்தில் இரும்பு மரத்தை முட்டும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒரே அளவு அழுத்தம் இல்லையென்றால் குண்டு ஒரு இடத்தில் விழாது. மேசையில் சாய்த்து 100 மீட்டரில் சுட்டால் முன்பு விரித்த கை அகலத்துக்குப் பரவிய குண்டுகள், இப்போது உள்ளங்கைக்குள் விழுகின்றன. பேரல் அதே பேரல், தோட்டா அதே தோட்டா.

ஆனால் ஏற்காடு ஏற்காடுதான். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர்; ஜூனில் ஆரம்பித்தால் நவம்பர் வரை மழையும் மூடுபனியும். முதல் மழைக்காலத்திலேயே கட்டை உப்பியது. பேரலுக்கும் முன் கட்டைக்கும் நடுவே தாராளமாக ஓடிக்கொண்டிருந்த காகிதத் துண்டு பாதியில் நின்றது. அதோடு விசையின் கனமும் மாறியது. இந்த ரைபிளில் விசை பொருந்தியிருப்பது அதைச் சுற்றியுள்ள இரும்பு விசைக்காப்பில். அந்தக் காப்பு மரத்தோடு முடுக்கப்பட்டது. மரம் உப்பினால் விசை இறங்குகிறது, வறண்டால் ஏறுகிறது. பெரியவர் பள்ளத்தை ஒரு முறை லேசாகச் சீவி, கண்ணுக்குத் தெரியாத உள்பக்கத்துக்கும் மரத்தின் வெட்டுமுனைகளுக்கும் ஆளிவிதை எண்ணெய் பலமுறை ஊறவிட்டார். வெளியே பளபளப்பாக்கி உள்ளே பச்சை மரமாக விட்ட கட்டை மலையில் நிற்காது. அதற்குப் பிறகு காகிதம் நிற்கவில்லை. விசை மட்டும் மழையில் கொஞ்சம் மாறத்தான் செய்கிறது. அதனால் ஆகஸ்டில் ரேஞ்சுக்குப் போனால் முதலில் காலி விசையைச் சில முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தோட்டாவைத் தொடுகிறேன்.

இன்னொன்று, பீரோவில் ரைபிளை வாய் கீழே பார்க்கும்படி வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் இரும்பில் தடவிய எண்ணெய் வழிந்து பின் கட்டைக்குள் இறங்கி மரத்தைப் பஞ்சாக்கிவிடும். தோல் உறைக்குள் போட்டு மாதக்கணக்கில் வைக்கவே வேண்டாம். தோல் ஈரத்தைப் பிடிக்கும்.

என் மனம் நொந்த இடம் தேர்தல். 2024 மார்ச் நடுவில் தேதி அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். கைக்கு வந்தது ஜூனில். எந்த இடம் என்று சொல்ல வேண்டாம். கிரீஸ் தடவி, துணி சுற்றி, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் வைத்துக் கொடுத்ததை யாரோ பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே விட்டிருந்தார்கள். தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டின் கைப்பிடியில் துரு, புதுக் கட்டையில் நீளமாக ஒரு கீறல். துருவைத் தேய்த்து எடுத்தாயிற்று. கீறல் இருக்கிறது. இப்போதெல்லாம் ஒப்படைக்கும் முன் நான்கு பக்கமும் போட்டோ எடுத்து, ரசீதில் நிலையை எழுதச் சொல்லிக் கேட்கிறேன்.

புதிதாக 0.315 பழகுபவர்களுக்கு மேகசின் நிரப்புவது தகராறு செய்யும். தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. மேலே வைக்கும் தோட்டாவின் விளிம்பு, கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போனால் போல்ட் தள்ளும்போது ஒன்றையொன்று கோத்துக்கொண்டு நிற்கும். இது ரைபிளின் கோளாறு இல்லை, அடுக்கின் கோளாறு.

கட்டைக்குச் செலவழிக்கும் முன் உங்கள் கடைக்காரரிடம் தோட்டா வரத்தைக் கேட்டுவிடுங்கள். அரசுத் தொழிற்சாலைத் தோட்டா சில மாதம் தாராளமாக இருக்கும், சில மாதம் இருக்காது. கிடைக்கும்போது, லைசென்ஸில் எழுதிய அளவுக்குள், ஒரே லாட்டாக, அதாவது ஒரே தொகுப்பில் செய்ததாக, பார்த்து வாங்குங்கள். லாட் மாறினால் 100 மீட்டரில் குறி இரண்டு விரல் நகர்வதை என் அட்டைகளில் பார்த்திருக்கிறேன். நான் பெட்டியின் மேல் லாட் எண்ணை எழுதி, அந்தப் பெட்டி தீரும்வரை பின்குறியைத் தொடுவதில்லை.