அனேக் தமிழ் எழுத்துரு: போல்டில் சாய்வைத் தாங்குமா?

தாராவிக் கபடிக் குழுவுக்கு பேனர், மாட்டுங்காவில் புது மெஸ்ஸுக்குப் பலகை என்று வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: எழுத்து தடியாகவும் வேண்டும், பாய்கிற மாதிரி சாய்ந்தும் வேண்டும். சிக்கல் என்னவென்றால், இலவசமாகக் கிடைக்கும் தமிழ் எழுத்துருக்களான முக்த மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை எதிலுமே இட்டாலிக் (சாய்வு வடிவம்) இல்லை. போப்பின்ஸில் 18 வடிவங்கள், பாதி இட்டாலிக், தமிழ்தான் இல்லை. மும்பையின் ஏக் டைப் நிறுவனம் வெளியிட்ட அனேக் தமிழிலும் இட்டாலிக் கிடையாது. ஆனாலும் கையால் சாய்ப்பதற்கு எங்கள் முதல் தேர்வு இதுதான்.

காரணம், வெயிட் (தடிமன்) 100 முதல் 800 வரை, அகலம் 75 முதல் 125 வரை இஷ்டத்துக்கு நகர்த்தலாம். தேவநாகரி (மராத்தி எழுத்து), லத்தீன் எல்லாம் அதே குடும்பத்தில் உண்டு. மகாராஷ்டிரத்தில் கடைப் பலகையில் மராத்தி கட்டாயம், மற்ற எழுத்தைவிடச் சிறிதாகவும் இருக்கக்கூடாது என்பதால் இது பெரிய வசதி.

வேலை இல்லஸ்ட்ரேட்டரில் என்றால் முதலில் இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் சவுத் ஏசியன் கம்போசரைப் போடுங்கள்; இல்லாவிட்டால் ‘கொ’வின் கொம்பு இடம் மாறி நிற்கும். பிறகு எழுத்தை அவுட்லைன் (வரைவடிவம்) ஆக்கி, சாய்க்கும் கருவியான ஷியரில் 10 டிகிரி. வேறு மென்பொருளில் இட்டாலிக் பட்டன் இருந்தாலும் அழுத்தாதீர்கள், கோணம் மென்பொருளின் இஷ்டம். வலைப்பக்கங்களுக்கான சிஎஸ்எஸ் தரத்தில் ஆப்லிக்கின் (வெறும் சாய்வு) இயல்புக் கோணமே 14 டிகிரி. தமிழ் வளைவுகளுக்கு அது அதிகம்.

10 டிகிரியிலும் சேதம் உண்டு. வட்டச் சுழியின் மேல்-வலதும் கீழ்-இடதும் சுமார் 9 சதவீதம் தடிக்கும், எதிர் மூலைகள் 8 சதவீதம் மெலியும். ‘ழ’, ‘ண’, ‘ஜ’ மூன்றிலும் இது உடனே கண்ணில் படும். 800 வெயிட்டில் அகலத்தையும் 75க்குக் குறைத்தால் ‘ண’வின் சுழிகள் ஃப்ளெக்ஸ் மையில் அடைத்துக்கொள்ளும். 700 வெயிட், 87.5 அகலம் பாதுகாப்பான இடம். மெய்யெழுத்துப் புள்ளியும் நசுங்கும். அதை அழித்துவிட்டு அதே மையத்தில் சுத்தமான வட்டம் வையுங்கள். இரண்டு நிமிட வேலை, ஆனால் பேனரே வேறு தரத்துக்குப் போய்விடும்.

வரி வரியாகச் சாய்க்கக்கூடாது. அப்படிச் செய்தால் இடது ஓரம் செங்குத்தாகவே நிற்கும், எழுத்து மட்டும் ஓடும். மொத்தப் பத்தியையும் சேர்த்துச் சாய்த்தால் ஓரமும் சாயும்: 10 அங்குல வரியிடைவெளிக்கு சுமார் 1.76 அங்குல நகர்வு. பேனரின் வலப்பக்கம் அதற்கு இடம் விட்டிருக்க வேண்டும், பலர் விடுவதில்லை. சாய்ந்த சொல்லும் நிமிர்ந்த சொல்லும் ஒரே வரியில் வந்தால், நடுவே ஒரு இடைவெளி போதாது, தலைப்பக்கம் இடிக்கும்.

உயரத்துக்குப் பழகிய கணக்கு, 10 அடி தூரத்துக்கு 1 அங்குலம். கொம்பையும் ‘கி’யின் மேல்விலங்கையும் சேர்க்காமல் ‘ப’வின் உயரத்தை மட்டும் அளந்து பாருங்கள்.

ஓப்பன் ஃபான்ட் உரிமம் என்பதால் வணிக வேலைக்கும் காசில்லை. சிற்றேட்டின் பத்தி எழுத்துக்கு மட்டும் இந்தச் சாய்வு வேண்டாம். அங்கே அழுத்தம் தர வெயிட்டைக் கூட்டினால் போதும்.