விக்டோரியா கால நீர்வண்ணம் என்று விற்கும் கப்பல் படங்கள்: எச்சரிக்கை

"1880களில் தீட்டிய அசல் நீர்வண்ணம், எச்.எம்.எஸ். விக்டரி, ஓவியர் டபிள்யூ. ஃபிரெட் மிட்செல்." இங்கிலாந்துக் கடை ஒன்று இணையத்தில் இப்படிச் சொல்லி எங்களுக்கு விற்றது ஓர் அச்சுப்படம். கப்பலும் விக்டரி என்ற அந்தப் புகழ்பெற்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் இல்லை.

மிட்செல் (1845–1914) பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஆயிரக்கணக்கில் வரைந்தவர். அவர் ஓவியங்களை வைத்து அக்காலத்திலேயே வண்ணக் கல்லச்சுப் படங்களும் (கல்லில் வரைந்து தாளில் அடிப்பவை) வெளிவந்தன. மோசடி நுழைவது இந்த வழியாகத்தான். தாள் உண்மையிலேயே பழையது, கையெழுத்தும் படத்தோடு சேர்ந்தே அச்சாகியிருக்கிறது. அலைநுரையில் கொஞ்சம் வெள்ளையும் கொடியில் சிவப்பும் தூரிகையால் தொட்டுவிட்டால் பார்ப்பவர் ஓவியம் என்றே நம்பிவிடுவார்.

அதனால் நுரையைப் பார்க்காதீர்கள், வானத்தைப் பாருங்கள். அங்கே யாரும் கைவைத்திருக்க மாட்டார்கள். 10 மடங்கு பெரிதாகக் காட்டும் லூப் (கையடக்க உருப்பெருக்கி) போதும், ஃப்ரேமின் கண்ணாடி வழியாகவே தெரியும். நீர்வண்ணம் என்றால் நிறம் தாளின் குழிகளில் தங்கும், பூச்சு காய்ந்த ஓரம் அடர்ந்த கோடாக நிற்கும். கல்லச்சில் தெரிவது ஒழுங்கில்லாத பொடிப்புள்ளிகள். புள்ளிகள் சம இடைவெளியில் வரிசையாக இருந்தால் அது ஹாஃப்டோன், அதாவது புகைப்படத்தைப் புள்ளிகளாக்கி இயந்திரத்தில் அடித்த அச்சு. எங்கள் படத்தில் கப்பலின் கறுப்பு விளிம்பை ஒட்டி ஒரு மஞ்சள் கீற்று, முடியளவுக்கு விலகி நின்றது. நிறத்துக்கு ஒரு கல் என்று மாற்றி மாற்றி அடிக்கும்போது தாள் இம்மி நகர்ந்தாலும் இப்படி ஆகும். தூரிகையால் பூசும்போது இது வராது.

அடுத்து கப்பல். விக்டரிக்குப் பீரங்கித் தளங்கள் மூன்று, பக்கவாட்டில் மூன்று வரிசைத் துளைகள் இருக்க வேண்டும். இதில் ஒரே வரிசை, அதாவது ஃபிரிகேட் போன்ற சிறிய போர்க்கப்பல். விக்டரி என்ற பெயர் படத்தைச் சுற்றி வைத்த மவுண்ட் அட்டையில் மட்டுமே இருந்தது, தாளில் இல்லை. பம்பாயில் தேக்கில் கட்டி 1817இல் நீரில் இறக்கிய எச்.எம்.எஸ். டிரிங்கோமலியும் ஃபிரிகேட்தான். திருகோணமலையின் பெயரைத் தாங்கிய அந்தக் கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்லிபூல் துறைமுகத்தில் மிதக்கிறது. ஃபிரிகேட்டை ஃபிரிகேட் என்றே சொல்லி விற்றால் என்ன குறைந்துவிடும்? கொடியும் தப்பு. 1864இலிருந்து கடற்படைக் கப்பல்களுக்கு வெள்ளைக் கொடிதான், சிவப்புக் கொடி வணிகக் கப்பல்களுக்குப் போய்விட்டது. 1880களின் காட்சியில் சிவப்புக் கொடி பூசியவருக்கு அது தெரியவில்லை.

பில்லில் மட்டும் "ஆஃப்டர் மிட்செல்" என்று போட்டிருந்தார்கள். ஏல வழக்கில் அதற்குப் பொருள், மிட்செலைப் பார்த்துச் செய்த நகல். விளம்பரத்தில் ஒன்று, பில்லில் வேறொன்று. ஃப்ரேமைப் பிரித்ததால் திரும்ப எடுக்க மாட்டோம் என்பது இப்போது கடையின் பதில்.

பிரிட்டனில் கடைக்காரரிடம் இணையத்தில் வாங்கினால், பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். ஆகவே முதலில் லூப், பிறகு எழுத்தில் அறிவிப்பு. அதுவரை ஃப்ரேமைத் தொடாதீர்கள். பணம் கட்டும் முன்பே வானம், கயிறுகள், கையெழுத்து மூன்றையும் மிக அருகில் எடுத்த படங்களையும், ஃப்ரேமுக்கு வெளியே தாளின் பின்பக்கப் படத்தையும் கேளுங்கள். "அசல் நீர்வண்ணம்" என்ற சொல் பில்லில் வருமா என்றும் எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் வாங்காதீர்கள்.