அப்பா 14ஆவது மாடியில்: சால் பெல்லோவின் ‘சீஸ் த டே’

அமெரிக்க எழுத்தாளர் சால் பெல்லோ எழுதி 1956இல் வெளிவந்த குறுநாவல். ஏழு அத்தியாயங்கள், நியூயார்க்கில் ஒரே ஒரு நாள். நாற்பதைத் தாண்டிய டாமி வில்ஹெல்ம் காலையில் குளோரியானா ஹோட்டலின் 23ஆவது மாடியிலிருந்து லிஃப்டில் இறங்குகிறான். 14ஆவது மாடி வந்ததும் அப்பா ஏறுகிறாரா என்று பார்க்கிறான். இருவருக்கும் ஒரே ஹோட்டல். அறை வேறு, கணக்கு வேறு.

சினிமா ஆசையில் படிப்பை விட்டவன், ரோஷத்தில் சேல்ஸ் வேலையையும் உதறியவன். விவாகரத்துக்கு இறங்கிவராத மனைவி, இரண்டு பையன்கள். கையிலிருந்த கடைசி 700 டாலரை டாம்கின் என்ற வாய்ச்சவடால் ஆசாமியிடம் கொடுத்து, பவர் ஆஃப் அட்டர்னியும் எழுதித் தந்து, பன்றிக்கொழுப்பு முன்பேர வர்த்தகத்தில், அதாவது பின்னால் கைமாறும் சரக்குக்கு இன்றே விலை பேசும் வியாபாரத்தில், இறங்குகிறான். கமாடிட்டி மார்க்கெட் பழக்கமில்லாதவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள். மார்ஜினாக, அதாவது முன்பணமாக, கட்டுவது சரக்கு மதிப்பில் ஒரு சிறு பங்குதான். அதனால் விலை லேசாகச் சரிந்தாலே கட்டிய பணம் முழுக்கக் காலி. இது தெரிந்தால் தரகர் அலுவலகக் காட்சி வயிற்றைக் கலக்கும்.

நாவலைத் தூக்கி நிறுத்துவது அப்பா டாக்டர் ஆட்லர். அவரை வில்லன் என்று ஒதுக்க முடியாது. ஒருவனுக்குக் கொடுத்தால் மகளும் வந்து நிற்பாள், இதற்கு முடிவே இராது என்கிறார், கணக்கு சரிதானே! ஆனால் அதே மனிதர் அக்கம்பக்கத்தாரிடம் மகனின் வருமானத்தைப் பெருமையடிக்கிறார், மனைவி செத்த வருஷத்தைச் சொல்லத் தடுமாறுகிறார். மசாஜ் மேஜையில் படுத்திருக்கும் அவர்முன் மகன் கடைசியாகப் போய் நிற்கும் பக்கங்களுக்காகவே புத்தகத்தை வாங்கலாம்.

குறை என்றால் அது வில்ஹெல்மின் மனைவி மார்கரெட். புருஷனின் புலம்பலிலும் ஒரு டெலிபோன் பேச்சிலும் மட்டுமே வருகிறாள். அவள் பக்கத்து நியாயம் நமக்குக் கிடைப்பதில்லை. டாம்கினின் உபதேசங்களும் கொஞ்சம் நீளம்.

கதைசொல்லியின் குரலும் வில்ஹெல்மின் மனப்பேச்சும் அறிவிப்பில்லாமல் மாறும், நிதானமாகப் படிக்கவேண்டும். முன்பின் தெரியாதவரின் சவப்பெட்டிமுன் அவன் உடைந்தழும் முடிவு சிலருக்கு ஒட்டவைத்ததுபோலத் தோன்றலாம். முதல் அத்தியாயத்தில் அவன் நினைவுகூரும், ஆங்கிலக் கவிஞர் மில்டனின் ‘லிசிடஸ்’ கவிதை வரி, நீரில் மூழ்கியவனைப் பற்றியது. அதை அடிக்கோடிட்டுக்கொண்டு மேலே போங்கள், முடிவு ஒட்டவைத்ததாகத் தோன்றாது.