ரோபோ பித்தப்பை ஒப்பரேஷன்: கொடுத்த காசுக்குப் பெறுமா?

மனிசிக்குச் செங்கமாரி. ஸ்கான் பண்ணினால் பித்தப்பை நிறையக் கல். ஒன்று பித்தக்குழாய்க்குள் இறங்கி அடைத்து நிற்குது என்றார்கள். சென்னையில் இருக்கிற மச்சான், "ரோபோவில செய்யலாம் அத்தான், நோவே இராது" என்று போனில் சொல்லச் சொல்ல, யாழ்ப்பாணத்துப் பலாலியில் பிளேன் ஏறினோம். அங்கே ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரி.

குழாய்க் கல்லை எடுத்தது ரோபோ இல்லை. அது ஈ.ஆர்.சி.பி. வாய் வழியாகக் கமராக் குழாய் விட்டு, பித்தம் குடலுக்குள் திறக்கிற வாயைக் கொஞ்சம் வெட்டி, பலூனால் கல்லைக் குடலுக்குள் இழுத்து விழுத்துகிறார்கள். வயிற்றில் ஒரு கீறல் இல்லை. கண் மஞ்சள் வடிந்தது அதனால்தான். செய்த டொக்டருக்கு முழு மார்க். ஆனால் வாசல் போர்டில் ரோபோவின் படம்தான் இருக்கு.

ரோபோ எடுத்தது பித்தப்பையை. நான் திருகோணமலை உப்புவெளியில் போட் எஞ்சின் திருத்துகிறவன், மெஷினைக் கண்டால் வாய் சும்மா இராது. சேர்ஜன் சலிக்காமல் விளங்கப்படுத்தினார். அது தானாக ஒன்றையும் வெட்டாதாம். அவர் கட்டிலுக்குத் தள்ளி இருந்து, முப்பரிமாணப் படத்தைப் பார்த்தபடி கைபிடியை ஆட்ட, நோயாளிக்கு மேலே நிற்கிற கைகள் அதன்படி அசையும். கருவியின் நுனி மணிக்கட்டு மாதிரித் திரும்பும். அவர் கை நடுங்கினாலும் அது நடுங்காது. ஒவ்வொரு கருவிக்கும் இத்தனை ஒப்பரேஷன்தான் என்று கணக்கு இருக்கு. கணக்கு முடிந்தால், கருவி நல்லா இருந்தாலும் மெஷின் ஏற்காது. பில் ஏன் அப்படி ஏறினது என்று அப்பதான் பிடிபட்டது. அவுட்போர்ட்டுக்கு இப்படியொரு சட்டம் வந்தால் எங்கட ஆக்கள் கடலுக்கே போக ஏலாது.

மனிசி மற்ற நாளே எழும்பி நடந்தா. பக்கத்து அறை விழுப்புரத்து அக்காவும் நடந்தா; அவவுக்குச் சாதாரண லாப்பரஸ்கோப்பி, அதாவது சின்னத் துளைகளால் கமரா விட்டு, சேர்ஜன் கருவியைத் தன் கையாலேயே பிடித்துச் செய்வது; காசும் நல்லாக் குறைவு. 2023இல் ஜாமா சேர்ஜரி இதழில் வந்த அமெரிக்க ஆய்வொன்றை மகள் பிறகு காட்டினாள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஆக்களைப் பார்த்ததில், பித்தக்குழாயில் திருத்தவேண்டிய அளவுக்குக் காயம் பட்டது ரோபோவில் 0.7 வீதம், லாப்பரஸ்கோப்பியில் 0.2. இரண்டுமே குறைவுதான், ஆனால் கூடக் காசு கொடுத்தது கூடப் பாதுகாப்புக்கு என்று எனக்குப் படவில்லை.

உண்மையான கோபம் வேறு. ஈ.ஆர்.சி.பி.யில் பித்தக்குழாய்க்குள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டென்ட், பித்தம் தடையில்லாமல் ஓட வைக்கிற சின்னக் குழாய், வைத்திருக்கிறார்கள். அதைப் பிறகு கட்டாயம் எடுக்கவேணும், விட்டால் அடைத்துக் காய்ச்சல் வரும். இதைச் சொன்னது வீட்டுக்கு விடுகிற அன்று, மருந்துச் சீட்டின் அடியில் ஒரு வரியில். திரும்பச் சென்னைக்கா என்று தலையில் கைவைத்தால், கொழும்பிலேயே எடுக்கலாம் என்று திருகோணமலை டொக்டர்தான் சொன்னார், எடுத்தாச்சு.

கை சுத்தத்துக்கும் நேர்ஸ்மாருக்கும் ஐந்துக்கு ஐந்து. விளக்கம் சொல்வதற்கு இரண்டு. பித்தப்பை மட்டும்தான் பிரச்சினை என்றால் நான் லாப்பரஸ்கோப்பியே கேட்பேன். குழாயிலும் கல் என்றால், ஸ்டென்ட் வைப்பீர்களா, எப்ப, எங்கே எடுப்பது என்று காசு கட்டமுன்னம் எழுத்தில் வாங்குங்கள்.