வயதானவர்கள் வீட்டுக்கு 'ஸ்மார்ட் செட்' போடுகிறோம் என்று வருகிறார்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் பக்கம் அப்பா அம்மாவை ஊரில் விட்டுவிட்டு வெளியூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்ப்பவர்களுக்காக எழுதுகிறேன். ராம்நாட்டிலிருந்து ஒரு கடைக்காரர்கள் வீடு வீடாக வந்து 'முதியோர் பாதுகாப்பு செட்' போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கழுத்தில் மாட்டும் அவசர பட்டன், கதவு சென்சார், கேஸ் சென்சார், ஹாலில் ஒரு கேமரா, எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்தை ஒட்டி வாங்கினார்கள். வருடச் சந்தா தனி.

போட்ட அன்று எல்லாம் ஜோராக வேலை செய்தது. தங்கச்சிமடத்தில் அம்மா பட்டனை அமுக்கினால் சென்னையில் என் போன் அலறும். ஐப்பசி மழையில் கரண்ட் போயிருந்த ஒரு மாலையில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டு எலும்பு முறிந்து, அந்த பட்டனை அமுக்கு அமுக்கென்று அமுக்கியிருக்கிறார். எனக்கு ஒன்றுமே வரவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு அக்காதான் 108-க்கு அடித்தார்.

அப்புறம் ஊருக்குப் போய் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். அந்த பட்டன் நேராக நம்மைக் கூப்பிடுவதில்லை. பட்டனிலிருந்து சுவரில் இருக்கும் பெட்டிக்கு, பெட்டியிலிருந்து வைஃபை ரவுட்டருக்கு, அங்கிருந்து எங்கோ இருக்கும் சர்வருக்கு, அதற்குப் பிறகுதான் நம் போனுக்கு. ரவுட்டரும் பெட்டியும் சாதாரண பிளக்கில் செருகியிருக்கின்றன. இன்வெர்ட்டர் லைன் அதே சுவரில்தான் இருக்கிறது. நெட் போனால் பெட்டிக்குள் இருக்கும் சிம் வழியாகத் தகவல் போகும் என்று சொல்லித்தான் விற்றார்கள். மூடியைக் கழற்றினால் உள்ளே ஜியோ சிம். பெட்டியோ 2ஜி மட்டும் பிடிக்கும் ரகம், ஜியோவில் 2ஜியே கிடையாது. ஆக அந்த சிம் முதல் நாளிலிருந்தே வெறும் பொம்மை.

கடைக்குப் போன் போட்டால், "கரண்ட் போனா நாங்க என்னண்ணே பண்றது, ஈபியைக் கேளுங்க" என்கிறார். 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதைப் பார்த்த ஊர் இது, மழையில் கரண்ட் போகும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கேஸ் சென்சாரை சமையலறைப் பரணுக்குப் பக்கத்தில் அடித்திருந்தார்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடுதான் பரவும். சென்சார் தரையிலிருந்து ஒரு அடிக்குள் இருக்க வேண்டும். மேலே இருப்பது அலறும்போது காலம் கடந்திருக்கும். கதவு சென்சாரைத் திறந்தால் பேட்டரி முனை இரண்டும் பச்சைப் பச்சையாகப் பூத்து, தொட்டால் உதிர்கிறது. உப்புக்காற்றில் போனதற்கு வாரண்டி இல்லையாம். கடற்கரை ஊர் ஊராக வந்து விற்கும்போது உப்புக்காற்று ஞாபகம் வரவில்லை போல.

இதையெல்லாம்கூடச் சகித்துக்கொள்ளலாம். கேமரா விஷயம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆப்பில் உரிமையாளர் என்ற இடத்தில் செட் போட வந்த பையனின் நம்பர் இருக்கிறது. நாங்கள் வெறும் பார்வையாளர்கள். அம்மா ஹாலில் படுப்பதையும் எழுவதையும் அந்த ஆள் எங்கிருந்து வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம், அவர் இப்போது அந்தக் கடையிலேயே இல்லை. அவர் தன் கணக்கிலிருந்து நீக்கினால்தான் என் பெயருக்கு மாற்ற முடியும். அதற்குக் கடைக்காரர் 'மாற்றுக் கட்டணம்' ஆயிரத்து ஐந்நூறு கேட்டார், கேளுங்கள் கொடுமையை. கேமராவைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துவிட்டேன்.

நீங்கள் ஏற்கெனவே போட்டிருந்தால் இன்றே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு பட்டனை அமுக்கச் சொல்லுங்கள். போன் வராவிட்டால் ரவுட்டரையும் பெட்டியையும் இன்வெர்ட்டரில் மாற்றுங்கள், சிம் எந்த கம்பெனி, பெட்டி 4ஜியா என்று பாருங்கள். புதிதாகப் போடுகிறவர்கள் கணக்கை உங்கள் நம்பரில், உங்களுக்கு வரும் ஓடிபியில், உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். அதற்கு முகம் சுளித்தால் அப்படியே அனுப்பிவிடுங்கள்.

பில் விஷயத்திலும் கவனம். எங்களுக்குக் கொடுத்தது ஜிஎஸ்டி நம்பர் இல்லாத 'எஸ்டிமேட்' சீட்டு. நல்லவேளை, பணம் ஜிபேயில் போனதால் அதையும் வாட்ஸ்அப் பேச்சையும் வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். மசியாவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். புகார் போன மறுநாளே கடைக்காரர் கூப்பிட்டு, பாதிப் பணம் தருகிறேன், வாபஸ் வாங்குங்கள் அண்ணே என்கிறார். முழுப் பணமும் வந்த பிறகு பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். இதே செட்டைப் போட்டு ஏமாந்தவர்கள் இருந்தால் தனிச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே மனு போடலாம்.