பவர் செட்டா, எஞ்சின் இழுக்கும் கோச்சியா?

1990இல் நின்ற இலங்கையின் வடக்கு ரயில் பாதை 2013 செப்டம்பரில்தான் கிளிநொச்சிக்குத் திரும்பியது. அதனால் எந்தக் கோச்சி (ரயில்) வந்தாலும் எங்களுக்குச் சந்தோசம்தான்.

பவர் செட் என்றால் எஞ்சினும் பெட்டிகளும் ஒரே தொடராகச் சேர்ந்த கோச்சி. சென்னை ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை செய்த எஸ்13 பவர் செட் 2019 ஜனவரியில் கொழும்பு–காங்கேசன்துறை யாழ்தேவியாக வந்தது. இரு முனையிலும் எஞ்சின். கடைசி நிலையமான காங்கேசன்துறையில் எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் பூட்டத் தேவையில்லை. ஏசிப் பெட்டிக்குள் செம்மண் புழுதியும் ஏறாது. முதியவர்களோடு போவதென்றால் இதுதான் நல்லது.

தனி எஞ்சின் இழுக்கும் கோச்சியில் எஞ்சின் பழுதானால், வேறொன்றைக் கொண்டுவந்து பூட்டிவிடலாம். பவர் செட்டில் பழுது திருத்தப் பெரும்பாலும் முழுத் தொடரையும் பட்டறைக்கு அனுப்பவேண்டும். பெரிய வித்தியாசம் அது.

சரி, எனக்கு எது? எஞ்சின் கோச்சிதான். மடியில் கச்சான் (வேர்க்கடலை) சரை, திறந்த யன்னல், முறிகண்டி தாண்டும்போது முகத்தில் அடிக்கிற காட்டு வாசம்.