குதிரைவலுவா, முறுக்கா? யாழ்ப்பாணத்து வீதிக்கு எந்த எஞ்சின்

மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை சிசி என்று. அடுத்தது எத்தனை குதிரைவலு. அந்த வலு எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றும்போது கிடைக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. யாழ்ப்பாணத்தில் ஓடப்போகிற வண்டிக்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

சிலிண்டருக்குள் எரிகிற பெற்றோல்-காற்றுக் கலவை பிஸ்டனைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல், பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்கைத் திருப்பும் முறுக்குவிசையாகிறது. முறுக்குவிசையைச் சுற்று வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது வலு. ஆகவே வலுவைக் கூட்ட இரண்டு வழிதான்: ஒவ்வொரு சுற்றிலும் பலமாகத் தள்ளலாம், அல்லது நிமிடத்துக்கு அதிகச் சுற்றுச் சுற்றலாம்.

இரண்டடிப்பு (டூ-ஸ்ட்ரோக்) எஞ்சின் இரண்டையும் விட்டு வேறொரு குறுக்குவழியைப் பிடித்தது. நான்கடிப்பில் (ஃபோர்-ஸ்ட்ரோக்) உறிஞ்சல், அமுக்கல், எரிதல், வெளியேற்றல் முடிய கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். இரண்டடிப்பில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் எரிதல். அப்படியானால் அதே அளவு சிலிண்டரில் வலு இரட்டிப்பாக வேண்டுமே? இரண்டடிப்பு யமாஹா ஆர்எக்ஸ்100-ஐயும் நான்கடிப்பு ஹீரோ ஸ்பிளெண்டரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீற்றர். பிஸ்டன் ஓடும் தூரம் முன்னதில் 50, பின்னதில் 49.5. கிட்டத்தட்ட ஒரே சிலிண்டர். வலுவோ 11 குதிரைவலுவும், ஏறத்தாழ 8 குதிரைவலுவும்.

மிச்சம் எங்கே போனது? இரண்டடிப்பில் புதுக் கலவைதான் எரிந்த புகையை வெளியே தள்ளுகிறது. அந்த நேரம் புகைத்துளையும் திறந்தே இருப்பதால் புதுக் கலவையில் ஒரு பங்கு எரியாமலே வெளியே போய்விடும். பணம் கொடுத்து அடித்த பெற்றோல் அது. கூடவே எண்ணெயும் கலந்து எரிவதால் நீலப்புகை. ஆர்எக்ஸ்100 கிளம்பும் வேகத்தை விரும்புகிறவர்களை எனக்குப் புரியும், அந்த இலேசான வண்டியின் பாய்ச்சல் உண்மையிலேயே தனி. ஆனால் 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கிழமைக்கு 4 லீற்றர் என்று கியூஆர் காட்டிப் பெற்றோல் அடித்த ஊரில் தினசரி ஓட்டத்துக்கு இரண்டடிப்பை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

சரி, நான்கடிப்புக்குள் எது? இங்கேதான் சுற்றுக் கணக்கு முக்கியமாகிறது. யமாஹாவின் எஃப்இசட் 149 சிசி, 7,250 சுற்றில் 12.4 குதிரைவலு. அதே கம்பனியின் ஆர்15 155 சிசி, 10,000 சுற்றில் 18.4. ஒன்றரை மடங்கு! ஆனால் உச்ச முறுக்குவிசையைப் பாருங்கள்: எஃப்இசட்டில் 13.3 நியூட்டன்மீற்றர், ஆர்15-இல் 14.2. பெரிய வித்தியாசமே இல்லை. எஃப்இசட் தன் உச்சத்தை 5,500 சுற்றிலேயே தந்துவிடுகிறது, ஆர்15-க்கு 7,500 வேண்டும். ஆர்15-இல் இருக்கும் நான்கு வால்வு, தண்ணீர்க் குளிரூட்டல், 7,400 சுற்றில் உள்ளெடுக்கும் வால்வைத் திறக்கும் கேமை மாற்றும் ஏற்பாடு எல்லாம் உயர்ந்த சுற்றிலும் சிலிண்டர் மூச்சுவிடுவதற்காக. அருமையான பொறியியல்தான். ஆனால் கஸ்தூரியார் வீதியில் 10,000 சுற்றை எங்கே தொடுவது?

நம்முடைய தரை தட்டை, ஏற்றம் இல்லை. வண்டிக்கு எதிரி காற்றுத்தான். பண்ணைப் பாலத்தில் 50 கிலோமீற்றர் வேகத்தில் ஒருவர் போவதற்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 2 குதிரைவலு போதும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில், தீவுப்பக்கம் போகும்போது 20 கிலோமீற்றர் எதிர்க்காற்று என்றால் 3 ஆகும். ஸ்பிளெண்டரே தாராளம். மேலதிக வலு உதவுவது சந்தியில் பச்சை விழுந்து கிளம்பும்போதும் பஸ்ஸை முந்தும்போதும். அங்கேயும் 4,000, 5,000 சுற்றில் கையில் இருக்கும் முறுக்குத்தான் வேலை செய்யும்.

அமுக்க விகிதத்தையும் பார்க்கவேண்டும். கலவையை எவ்வளவு நெருக்கி எரிக்கிறோமோ அவ்வளவு வலு எடுக்கலாம். ஆனால் ஒக்ரேன், அதாவது நெருக்கத்தைத் தாங்கும் தன்மை, குறைந்த எரிபொருள் அந்த நெருக்கத்தில் தானாகவே வெடித்து எஞ்சினைத் தட்டும். ஆர்15-இல் இந்த விகிதம் 11.6. 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஹொண்டா சி50, சி90 எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடியது அமுக்கம் குறைவாக இருந்ததால்தான். சின்னப் போத்தலில் இருக்கும் பெற்றோலை, எரிபொருளையும் காற்றையும் கலக்கும் காபரேற்றருக்குள் கொஞ்சம் விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடானபின் மண்ணெண்ணெய். குளிர்ந்த எஞ்சினில் அது ஆவியாகாது. ஆவியாகாத மிச்சம் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கவைத்தும், அந்தச் சின்ன எஞ்சின்கள் ஊரைச் சுமந்தன. 1958-இல் வெளிவந்த ஹொண்டா சூப்பர் கப்பின் வாரிசுகள் அவை. ஸ்பிளெண்டரின் எஞ்சினும் அந்தப் பரம்பரைதான்.

ஸ்கூட்டியில் கியர் வேலையை பெல்ட் பார்க்கிறது. ஓட்டச் சுகம், ஆனால் பெல்ட்டில் கொஞ்ச வலு வீணாகும்.

தனியாக வேலைக்குப் போய்வர என்றால் 100 சிசி ஸ்பிளெண்டர் வகை எடுங்கள். பின்னுக்கு ஆள் ஏற்றி ஆனையிறவு வெளியைத் தாண்டிக் கிளிநொச்சிப் பக்கம் அடிக்கடி போகிறவர் எஃப்இசட் மாதிரி ஒன்றை எடுக்கலாம். ஆர்15 பார்க்கிறவர்கள் 4,000 சுற்றில் மூன்றாம் கியரில் ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.